வெந்தயத்துக்கு அடுத்தபடியாக நான்

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என் மனைவி. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் இடமாவது நமக்குத்தானே என்றிருந்தேன். சர்க்கரை பரிசோதனை முடிவு வந்த அன்று அந்த இடம் அஞ்சறைப்பெட்டிக்குப் போய்விட்டது.

இரவில் ஒரு ஸ்பூன் வெந்தயம் டம்ளரில் ஊறும். காலையில் காபிக்கு முன் அது என் வாய்க்குள் போயாக வேண்டும். "கசக்குதே" என்றால், "உங்க சொந்தக்காரங்க பேச்சை இத்தனை வருஷமா நான் முழுங்கலையா?" என்று பதில் வரும். முழுங்கிவிடுவேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தேன். வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து ஏராளம். ஊறினால் வழவழப்பாகும். குடலில் மாவுச்சத்து செரிப்பதையும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதையும் தாமதப்படுத்தும். எனக்கு ஆத்திரம் வந்தது. தாமதப்படுத்துவதற்கு இவ்வளவு மரியாதையா? கேஸ் புக் செய்வது முதல் ஒட்டடை அடிப்பது வரை நான் வேறென்ன செய்கிறேன்?

"நூறு கிராம் வெந்தயத்துல 23 கிராம் புரதம், கிட்டத்தட்ட 25 கிராம் நார், 30 மில்லிகிராமுக்கு மேல இரும்பு" என்று மனைவி ஒப்பித்தாள். நான் கணக்கில் புலி. "ஒரு ஸ்பூன்ல நாலு கிராம்கூட இருக்காது. அதுல புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது" என்று மடக்கினேன். "அப்ப நாளையிலிருந்து ரெண்டு ஸ்பூன்" என்றாள். கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பதில் இப்படியும் ஒரு சிக்கல்.

சமையலறையைத் தாண்டி வெந்தயம் மொட்டை மாடிக்கும் வந்துவிட்டது. தொட்டியில் விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். விதை வேண்டுமென்றால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்தில் வயல் வயலாக விளைகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதற்கு கோ 1, கோ 2 என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. பயறு வகைக் குடும்பம் என்பதால், வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கும். "அது இருந்த மண்ணுக்குச் சத்து சேருது. நீங்க இருந்த சோபாவுல பள்ளம்தான் விழுது" என்றாள் மனைவி. விஞ்ஞானம் இந்த வீட்டில் ஒருபோதும் என் பக்கம் நின்றதில்லை.

கடைசி நம்பிக்கையாக டாக்டரிடம் போனேன். வெந்தயத்தைத் தடை செய்வார் என்று பார்த்தால், "சாப்பாட்டு அளவுக்கு நல்லதுதான். அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க. அளவைக் கூட்டினா சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் கர்ப்பிணிகளும் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்" என்றார். என்ன முயன்றும் அந்தக் கடைசி இரண்டு பட்டியலிலும் என்னால் இடம்பிடிக்க முடியவில்லை. ஆனால் இரண்டு ஸ்பூன் மறுபடி ஒன்றானது. என் திருமண வாழ்வில் நான் வென்ற ஒரே மேல்முறையீடு அது.

வெந்தயத்தில் சோட்டோலான் என்ற மணப்பொருள் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் வியர்வையிலும் மணக்கும். நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சார் வீட்டுல இன்னிக்கு வெந்தயக் குழம்பா?" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"வாசனை வந்துடுச்சா? இனி குணமும் மெல்ல வந்துடும்."