பவணந்தியும் பயனர் கையேடும்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. வீடு மயிலாப்பூர், ஆபீஸ் அடையாறு கஸ்தூரிபா நகர். பறக்கும் ரயிலில் இடம் பிடித்து உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். கல்யாண வீடுகளில் மாமாக்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். சொன்னால், "ஓ, அப்ப கோடிங் இல்லையா?" என்பார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

எழுதும் முறை பற்றி எங்கள் தொழிலில் தடிதடியாக அமெரிக்கப் புத்தகங்கள் உண்டு. எனக்கு நன்னூல் போதும். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அதை எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே பட்டியல் போட்டுவிட்டார். எங்கள் ஆபீஸுக்கு வந்துபோனவரோ என்று சந்தேகம்.

முதல் குற்றம் குன்றக் கூறல். இது புரோகிராமர்களின் ஏகபோகம். ஒரு தம்பி எனக்கு அனுப்பிய குறிப்பு மொத்தமே இவ்வளவுதான்: 'கான்ஃபிக் ஃபைலை மாற்றிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும்.'

"எந்த ஃபைல்ப்பா?"

"அதான் சார், அந்த ஃபைல்."

"அதுல எதை மாத்தணும்?"

"பாத்தாலே தெரியும் சார்."

பார்த்தேன். இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தது. அவனுக்கு அது வீட்டு மாடிப்படி, இருட்டிலும் ஏறுவான். தி.நகரில் ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டால், "பனகல் பார்க் வந்துட்டு போன் பண்ணுங்க" என்பாரே, அந்த ரகம். கையேட்டில் இதையே 'உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதுவோம். படித்துக்கொண்டிருப்பவரே அந்த நிர்வாகிதான் என்பது வேறு விஷயம்.

மிகைபடக் கூறல் மார்க்கெட்டிங்காரர்களின் பங்கு, அதை விடுங்கள். மாறுகொளக் கூறலுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வலப்பக்கத்து நீலப் பட்டனை அழுத்தச் சொல்லி நான் எழுதி முடித்த இரவே டிசைனருக்கு ஞானோதயம் வந்து, பட்டன் பச்சையாகி இடப்பக்கம் போய்விடும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது சென்றுதேய்ந்து இறுதல். நிறுவும் முறை பற்றிய முதல் அத்தியாயத்தில் 'நெக்ஸ்ட்' பட்டனுக்குக்கூடத் தனிப்படம், சிவப்பு அம்புக்குறியுடன். போகப் போகப் படங்கள் மெலியும். கடைசியில் பிழைச் செய்திகள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் மனிதன் தேடி ஓடிவருகிற அத்தியாயம் அதுதான். அங்கே 'விரைவில்' என்று ஒரே சொல் இருக்கும். கடைசி அத்தியாயத்திலிருந்து எழுதிக்கொண்டு வரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். கிளையன்ட் முதல் அத்தியாயத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார் என்றார்கள்.

பவணந்திக்கும் ஒரேயடியாக வேலை முடிந்துவிடவில்லை. அவர் நூலுக்கே உரை தேவைப்பட்டது. கிடைத்த உரைகளில் பழையது மயிலைநாதருடையது. பெயரிலேயே எங்கள் பேட்டை. 1918-இல் உ.வே.சா. அதை அச்சேற்றினார். இடையில் சங்கர நமச்சிவாயர் ஒரு விருத்தியுரை எழுத, சிவஞான முனிவர் அதையும் திருத்தினார். வெர்ஷன் 2.1 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. சீயகங்கன் என்ற சிற்றரசன் பவணந்தியிடம் கேட்டது எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்து இலக்கணங்கள். நமக்குக் கிடைத்திருப்பது முதல் இரண்டுதான்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஐந்து அத்தியாயங்களில் இரண்டுதான் தயார். மேனேஜரிடம் பவணந்தி கதையை விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "மீதி மூணுக்கு அவர்கிட்ட ஒரு டேட் வாங்கிடுங்க சார்" என்றார்.