நகல் கேட்டு வந்த பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, வக்கீலுக்குப் படிக்கிற பய, ஒரு நாவலப் பத்தி ரெண்டு பக்கம் கருத்து எழுதணும்னு எங்கிட்ட வந்து நிக்க. அதுவும் புஸ்தகத்தப் பிரிச்சுக்கூடப் பாக்காம. வாசிச்சவுக பத்துப் பேரு சொன்னத ஒரு தாள்ல எழுதி மடிச்சு வெச்சுக்கிட்டு, 'இதுல எதத் தாத்தா எழுதட்டும்'னு கேக்க. நல்லா வருவடா. நடந்ததப் பாக்காமலே சாட்சி சொல்லத் தெரிஞ்சவன் கோர்ட்டு வாசல்ல பட்டினி கெடந்ததா நான் கேள்விப்பட்டதில்ல. உக்காரு, திண்ணையில எடமிருக்கு.

புஸ்தகம் 'தர்பாரி ராகம்'. இந்தியில ஸ்ரீலால் சுக்ல எழுதி 1968ல வந்தது. அடுத்த வருஷமே சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிருச்சு. தமிழ்ல சரஸ்வதி ராம்னாத் பேத்தாக. நம்ம நாதஸ்வரக்காரரு ராகம்னு பேரப் பாத்துட்டு ஆசையா எடுத்துட்டுப் போனாரு. நாலாம் நாளு திருப்பிக் கொண்டாந்து, 'மாமா, இதுல ஸ்வரமே இல்ல, எல்லாம் அபஸ்வரம்'னாரு. ஒந் தாள்ல இருக்கிற பத்துக் கருத்துலயும் அந்த அளவுக்கு ஒண்ணு இருக்கான்னு பாரு.

சரி, கருத்து எழுதணும், வம்பு வரக்கூடாது. அதுக்கு வழி சொல்லுதேன். மொத வரியிலயே 'இது வடநாட்டுக் கதை'ன்னு போட்டுரு. பொய்யும் இல்ல. சிவபால்கஞ்ச்ங்கிற ஊரு உத்தரப் பிரதேசத்துல நடக்கிற கதைக்குள்ள இருக்கு. எழுதினவரு லக்னோ பக்கத்து அத்ரௌலிக்காரரு. அந்த ஒத்த வரியில நீ, நான், நம்ம தெரு எல்லாருக்கும் முன்ஜாமீன் கெடைச்சிரும். ரெண்டாவது வரி, 'ஆசிரியர் சற்று மிகைப்படுத்தியுள்ளார்'. இந்த 'சற்று' இருக்கே, அது பொல்லாத வார்த்தை. எவ்வளவுன்னு ஒரு பய அளந்து கேக்க முடியாது.

மிகைப்படுத்திட்டாருன்னு சொன்னவுக யாரு யாருன்னு நான் பாத்து வெச்சிருக்கேன். நூலகத்துப் புஸ்தகத்துல பக்கத்து நுனிய மடிச்சு வெப்பாக பாரு, அதுல ஆளையே கண்டுபிடிச்சிரலாம். கூட்டுறவுல இருந்து ரிட்டையரான நம்ம சின்னையா பள்ளிக்கூட அத்தியாயத்த மடிச்சு வெச்சிருக்காரு. சங்காமல் வித்யாலயாவுல பிரின்ஸ்பாலும் வாத்திமாரும் பாடத்த விட்டுட்டு கோஷ்டி கட்டுதாகளே, அதப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன்னாரு. கோதுமைய லாரியில ஏத்திக்கிட்டு கோடவுன் ஆளு ஓடிப்போறானே, அது எப்படின்னேன். 'அதுதான் கொஞ்சம் ஓவரு'ன்னாரு. மேலத்தெரு ஹெட்மாஸ்டரக் கேட்டா கோதுமை அத்தியாயம்தான் உச்சம், பள்ளிக்கூடத்துப் பகுதி நம்பும்படியா இல்லங்காரு. முன்னாள் பிரசிடெண்டு ரெண்டும் பிரமாதம்னாரு. ஆனா பாங் அரைச்சுக் குடுக்கிற சனீசருங்கிற எடுபிடிய வைத்யஜி பஞ்சாயத்துத் தலைவராக்குதாரே, அங்கதான் எழுத்தாளரு சறுக்கிட்டாருங்காரு. மூணு பேரு சொன்னதையும் கூட்டிப் பாரு. புஸ்தகம் பூராவும் பொய்யின்னும் ஆச்சு, பூராவும் நெசம்னும் ஆச்சு.

வைத்யஜிய நீ தெரிஞ்சுக்கிடணும். வீட்டுல நாட்டு வைத்தியம், வெளிய பள்ளிக்கூடத்து மேனேஜரு, கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவருதான் டைரக்டரு. கோதுமை களவு போன சேதிய வந்து சொன்னதும் ஆளு பதறல. நம்ம சங்கத்துல மோசடியே நடக்கலன்னு ஊரு சந்தேகப்பட்டுச்சு, இப்ப நடந்தது நடந்துச்சுன்னு நாமளே தைரியமாச் சொல்லலாமேன்னு தேத்திக்கிடுதாரு. அந்த எடத்துல சிரிக்காம ஒரு ஆளு தலையாட்டினத என் கண்ணால கண்டேன். பேரு கேக்காத.

நீ சட்டம் படிக்கவன், ஒனக்குன்னு ரெண்டு எடம் இருக்கு. ஆரம்பமே ஒரு லாரி. ரோட்டுல அது நிக்கிற தோரணையில, ஒரு பக்கத்துல இருந்து பாத்தா நட்டநடு ரோட்ட மறிச்சிருக்குன்னு போலீஸு எழுதலாம், மறுபக்கத்துல இருந்து பாத்தா ஓரமாத்தான் நிக்குன்னு டிரைவரு சொல்லலாம். ரெண்டும் உண்மை. நீ அஞ்சு வருஷம் படிக்கப் போறதுல முக்காவாசி அந்த லாரியில ஏத்தியாச்சு. இன்னொண்ணு ராதேலால்னு ஒரு ஆளு. பொய்ச்சாட்சி சொல்லுததுதான் தொழில். குறுக்கு விசாரணையில எந்த வக்கீலாலயும் அசைக்க முடியாதவன்னு பேரெடுத்தவன். ஒந் தாள்ல எவனோ ஒருத்தன் 'ராதேலால் பாத்திரம் ஆழமாக இல்லை'ன்னு சொல்லியிருக்கானே. அடேய், ஆழம் இருந்தா வக்கீலு தோண்டிற மாட்டானா?

இப்ப லங்கட்டுக்கு வருவோம். இந்த ஆளுக்காகத்தான் நான் புஸ்தகத்த ரெண்டாந்தரம் எடுத்தேன். லங்கட்டுன்னா நொண்டின்னு அர்த்தம், ஊரு வெச்ச பேரு. ஒரு கேஸுக்கு தீர்ப்போட நகல் வேணும்னு தாசில் ஆபீசுக்குப் போறான். நகல் எழுதுத குமாஸ்தா அஞ்சு ரூவா கேக்கான். இவன், ரேட்டு ரெண்டுதானேன்னு மல்லுக்கு நிக்கான். பேச்சு முத்திப்போயி, லஞ்சமே வாங்காம சட்டப்படிதான் தருவேன்னு குமாஸ்தா சபதம் போட, லஞ்சமே குடுக்காம சட்டப்படிதான் வாங்குவேன்னு இவனும் சபதம் போட்டுட்டான். மூணு ரூவா வித்தியாசத்துல ரெண்டு அரிச்சந்திரன் பொறந்துட்டான் பாத்துக்க. அதுக்குப் பெறகு ஸ்டாம்பு கொறச்சல், நம்பரு தப்பு, ஒரு கட்டத்த நிரப்பாம விட்டுட்டன்னு மனு திரும்பித் திரும்பி வருது. நாவல் முழுக்க அந்த மனுசன் கால இழுத்துக்கிட்டு நடக்கான். பாக்கவனெல்லாம் 'என்ன லங்கட், நகல் கெடைச்சுதா'ன்னு கேக்கான், சிரிக்கான். கடைசியில நகல் தயாராகி நோட்டீஸ் போட்டாச்சு. அந்த நேரம் பாத்து இவன் காய்ச்சல்ல படுத்துட்டான். பதினஞ்சு நாளு தவணைக்குள்ள வந்து வாங்கலன்னு கிழிச்சுப் போட்டுட்டாக. எல்லாம் சட்டப்படி.

இதப் படிச்சவுக சொன்னது ஒந் தாள்லயே இருக்கு. 'லங்கட் நம் மனசாட்சி'ன்னு ஒருத்தரு, 'பிழைக்கத் தெரியாதவன்'னு இன்னொருத்தரு. நான் எதச் சொல்ல? போன தையில ஒரு ஆபீசுல எனக்கும் ஒரு நகல் வேண்டியிருந்துச்சு. மேசைக்கு அடியில டீச்செலவுக்கு வெச்சேன். அரை மணி நேரத்துல கையில வந்துருச்சு, ஸ்டாம்பு மை காயல. வந்து திண்ணையில சாஞ்சு லங்கட் அத்தியாயத்தப் பிரிச்சுப் படிச்சேன். என்னா சிரிப்பு வருதுங்க!

பெரிய ஆளுகளும் ஏசியிருக்காக, அதையும் சேத்துக்க. பிரேம்சந்த் மகன் ஸ்ரீபத் ராய் இது பெருஞ்சலிப்பு தர்ற தடிப் புஸ்தகம்ங்கிற மாதிரி ஒதுக்கிட்டாரு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் தோணுது. கதைன்னு ஒரு கயிறு கெடையாது, சம்பவத்து மேல சம்பவமா அடுக்கிக்கிட்டே போறாரு. நடுவுல நான் ரெண்டு தடவ கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா சிவபால்கஞ்சு அங்கனேயே இருக்கு, நானும் ஒண்ணையும் தவற விடல. ஒம் பாட்டி சொன்னதுதான் எனக்குச் சுள்ளுன்னு பட்டுச்சு. 'இம்புட்டுத் தடியா எழுதியிருக்காரு, பேலான்னு ஒரு பிள்ளையப் பத்தி ஊரே பேசுது, அந்தப் பிள்ள வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசக் காணோமே. இந்த ஆம்பளைக்கெல்லாம் சோறு யாரு பொங்கினா?'ன்னா. எந்த விமர்சகரும் இப்படிக் கேட்டு நான் படிச்சதில்ல. அத உங் கருத்தா எழுதிக்கிடு. பாட்டிக்கு எழுத்துக் கூலின்னு ஒரு வெத்தலக்கட்டு வாங்கிக் குடுத்துரு.

'அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டே அரசாங்கத்த ஏசலாமா'ன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அது யாரு சொன்னான்? சுக்ல 1949ல சர்க்கார் உத்தியோகத்துல சேந்து, ஐ.ஏ.எஸ். ஆகி, 1983ல ஓய்வு வாங்கினவரு. அடுப்பங்கரையிலயே நின்னவனுக்குத்தான் எந்தச் சட்டியில கரப்பான்னு தெரியும். அவருக்கு வந்த மரியாதையும் சிவபால்கஞ்சு வேகத்துலதான் வந்துச்சு. 2009ஆம் வருஷத்து ஞானபீடத்த 2011 அக்டோபர்ல லக்னோ ஆஸ்பத்திரியில வெச்சுக் குடுத்தாக. அந்த மாசம் 28ந்தேதி போய்ச் சேந்துட்டாரு.

கடைசியா ஒருத்தன் இருக்கான், ரங்கநாத். பட்டணத்துல எம்.ஏ. முடிச்சு ஆராய்ச்சி பண்ணுதவன், வைத்யஜிக்கு மருமவன் முறை, உடம்பு தேறணும்னு கிராமத்துக்கு வாரான். எல்லா அக்கிரமத்தையும் பாக்கான், சிரிக்கான், கோவப்படுதான், சாயங்காலம் மொட்டமாடியில படுத்துக்கிட்டு வெசனப்படுதான். ஒரு வாத்தியாரு வேலைய இன்னொருத்தன்கிட்ட இருந்து புடுங்கி இவனுக்குக் குடுக்கேன்னதும் ரோசம் வந்து மறுத்துட்டு, மூட்டையக் கட்டப் பாக்கான். படிச்சவுக அத்தன பேரும் ஒத்துமையா ஏசினது இந்தப் பயலத்தான். சும்மா பாத்துக்கிட்டு இருந்துட்டு ஓடுதானேன்னு அம்புட்டுக் கோவம். அப்படி ஏசினவுக எல்லாம் புஸ்தகத்த எங்க உக்காந்து படிச்சாகன்னு நான் கேக்கல.

ஒந் தாள இங்கன குடு, அடுப்புக்கு ஆகும். புஸ்தகம் அந்தா உத்தரத்துக்குக் கீழ பொறையில இருக்கு, எடுத்துட்டுப் போயி நீயே படி. நூலகத்துக்குத் தவணை பதினஞ்சு நாளு. அதுல எனக்கு ஒம்பது நாளு ஆயிருச்சு.