அடுப்பில் என்ன கிடந்தது?

என் ஆச்சியின் அடுப்படியில் இரண்டு கலயங்கள் இருந்தன. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து முதல் கலயத்தில் போடுவாள். அது கோயிலுக்கு. தென் மாவட்டத்துப் பழைய சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கையை நான் விளக்க வேண்டியதில்லை. கையில் காசு புழங்காத பெண்களும் வெறுங்கையோடு ஆலயத்துக்குப் போகாமலிருக்க அந்த வழக்கம் உதவியது. மிசோரமில் இன்றும் இது உயிரோடு இருக்கிறது. அங்கே ‘புஃபாய் தாம்’ என்கிறார்கள். வேளாவேளைக்கு எடுத்து வைக்கும் அந்தப் பிடி அரிசி அங்குள்ள திருச்சபையின் ஊழியத்துக்குப் பெரிய தாங்கல்.

இரண்டாவது கலயம் ஆச்சியின் சொந்த ஏற்பாடு. அதைப் பற்றி ஐயருக்குக்கூடத் தெரியாது. எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அந்தக் கலயத்து அரிசி தெருவுக்கு.

1970களின் தொடக்கம். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம், இன்றைக்குத் தூத்துக்குடி. செம்மண் தேரியும் பனையுமாகக் கிடந்த ஊர். பதநீர் இறங்குகிற மாதங்களில் கருப்பட்டி காய்ச்சுகிற புகை வீட்டுக்கு வீடு எழும். ஏற்றம் நின்றுபோகும் மாதங்களில் பல வீடுகளில் சாயங்காலத்துப் புகைகூட எழாது. ஆச்சிக்கு முட்டுவலி. பத்து வயதுப் பேத்தியான நான்தான் அவளுடைய கால்கள். பெட்டியில் அரிசியைக் கொட்டி, மேலே துணியைப் போட்டு மூடி, “இன்னார் வீட்டுக்குப் போயிட்டு வாட்டி” என்று அனுப்புவாள்.

கொடுத்துவிட்டு ஓடி வந்தால் விடமாட்டாள்.

“அடுப்புல என்னட்டி கெடந்துச்சு?”

“பாக்கல ஆச்சி.”

“பாக்காம எதுக்குப் போன? திரும்பப் போ.”

அடுப்பில் சாம்பல் சூடாக இருந்ததா, விறகு இருந்ததா, குழந்தை அழுததா, மூக்கு ஒழுகியதா, அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசினாளா, வேறெங்கோ பார்த்துப் பேசினாளா என்று அத்தனையும் கேட்பாள். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த ஒருவருடைய வீட்டுக்கு ஒரு மாதம் தினமும் போனேன். அவர் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார், முதுகில் புண் வந்திருக்கிறதா என்றுகூட ஆச்சிக்குத் தெரிய வேண்டும். ஏன் இவ்வளவு கேட்கிறாய் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். “ராத்திரி ஜெபிக்கணுமில்லா? ஒண்ணுந் தெரியாம ஆண்டவர்ட்ட என்னத்தச் சொல்லுவேன்?” என்றாள்.

அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து செய்யும் குடும்ப ஜெபத்தில் அவளுடைய வேண்டுதல் நீளமானது. பாட்டும் வாசிப்பும் முடிவதற்குள் எங்களுக்குக் கண் சொருகிவிடும். ஆனாலும் அந்த ஜெபத்தின் சொற்கள் இன்றும் எனக்குள் இருக்கின்றன. ஏழைகளை ஆசீர்வதியும் என்ற மாதிரி ஒரு வரி அதில் வந்ததே இல்லை. அந்த வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது, இந்த வீட்டு மருமகள் இரண்டு நாளாகப் பேசவில்லை, அவருடைய முதுகுப் புண்ணில் சீழ் வைக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லுவாள். மறுநாள் காலையில் விறகு போகும். சீழுக்குக் கம்பவுண்டரை யாராவது கூட்டிவர வேண்டியிருக்கும். ஜெபத்தில் சொன்னதில் பாதியை விடிந்ததும் அவளே செய்துமுடிப்பாள். தன்னால் ஆகாத மீதியைத்தான் ஆண்டவருக்கு விட்டுவைத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிச் சொல்ல விரும்பவில்லை. ஊர் எல்லையில் தொழுநோய் கண்ட ஒருவர் இருந்தார். ஞாயிறு ஆராதனையில் அவருக்கு இடம் ஆலயத்துக்கு வெளியே, வாசலைப் பார்த்த ஒரு கல்லில். ஆச்சியின் ஜெபத்தில் தவறாமல் அவர் பெயர் வரும். ஆனால் அவருக்கு அரிசி கொண்டுபோனால், அவர் விரித்த துண்டில் உயரத்திலிருந்து கொட்டிவிட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினாள். கொட்டியதில் கொஞ்சம் மண்ணில் சிதறும். விரல் குறைந்த கையால் அவர் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். உதவி செய்யக் குனிந்ததில்லை.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளைக் கவனிக்கத் தொடங்கினார். அதைப் பற்றி நான் வாசித்தபோது எனக்கு முப்பது வயதுக்கு மேலாகிவிட்டது. நோய் சதையைத் தின்று விரல் உதிர்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது, அதனால் சூடு பட்டும் வெட்டுப் பட்டும் கவனிக்காமல் விட்ட காயங்களால்தான் விரல் போகிறது என்று அவர் கண்டுசொன்னார். தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை விரிய வைத்தார். எங்கள் ஊர்க்காரரின் கைகளையும் யாராவது பிடித்துப் பார்த்திருந்தால், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கத் துணியைக் கொடுத்திருந்தால், சில விரல்களாவது மிஞ்சியிருக்கும். அவருக்காக அத்தனை வருடம் ஜெபித்த வீட்டில் அவரைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆச்சியை நான் எவ்வளவோ நேசிக்கிறேன். இருந்தாலும் இதை மறைக்க எனக்கு மனமில்லை.

இனி சென்னை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் சபையின் ஜெபக் குழு கைபேசிக்குள் இருக்கிறது. காணிக்கைக்கு வாசலில் ஒரு சதுர அட்டை. படம் பிடித்தால் பணம் போய்விடுகிறது. நல்ல வசதிதான். நள்ளிரவில் ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்று குழுவில் செய்தி வந்து, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் மருத்துவமனையில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஆச்சியின் பெட்டியும் என் கால்களும் அந்த வேகத்துக்கு ஈடாகாது.

ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வேண்டுதல்கள் வருகின்றன. வந்த வேகத்தில் ‘ஜெபிக்கிறோம்’ என்று எழுதி, கூப்பிய கைகளின் படம் ஒன்றையும் போடுகிறோம். போட்டுவிட்டால் கடமை முடிந்த நிம்மதி. நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். எழுதிய பல இரவுகளில் நான் ஜெபிக்கவும் இல்லை. வேண்டுதலை அனுப்பியவரின் முகம் தெரியாது, வீடு தெரியாது, என்ன நோய் என்பது சரியாகத் தெரியாது. என்னவென்று ஜெபிப்பது?

மூன்று வருடங்களுக்கு முன், சபையில் ஒரு தங்கையின் கணவருக்குப் பக்கவாதம். இரவு பதினொரு மணிக்குக் குழுவில் எழுதியிருந்தாள். விடிவதற்குள் ஐம்பதுக்கு மேல் பதில்கள். அதில் என்னுடையதும் ஒன்று. இரண்டு வாரம் கழித்து ஆராதனை முடிந்து வாசலில் அவளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, பாதியாகிப் போயிருந்தாள்.

“எல்லாரும் ஜெபிச்சீங்க அக்கா, ரொம்ப நன்றி. தனியா ஒருத்தியாவே பாத்துக்கிட்டேன். ஒரே ஒரு ராத்திரி யாராவது வந்து பக்கத்துல உக்காந்திருந்தா கொஞ்சம் படுத்திருப்பேன்.”

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவர் இருந்த மருத்துவமனை என் வீட்டிலிருந்து பேருந்தில் நான்கு நிறுத்தம். அதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரை இனிய சொல் சொல்லி அனுப்பிவைத்தால் என்ன பயன் என்று யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் நானே அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

போக முடியாதவர்களும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். களக்காட்டு மலையடிவாரத்து டோனாவூரில், கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை 1901 முதல் எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடங்கள் அவருடைய உலகம் ஓர் அறைதான். படுக்கையிலிருந்தே ஜெபித்தார், எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாமல் போன கடைசி இரண்டு வருடங்களில் ஆச்சியும் கட்டிலில் கிடந்தபடி, வருகிறவர்களிடமெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டாள். எனக்கோ கால்கள் நன்றாக இருந்தன.

அந்தத் தங்கையை வாசலில் பார்த்த அடுத்த வாரத்திலிருந்து ஒரு அரசு மருத்துவமனைக்கு, செவ்வாயும் வெள்ளியும், பார்வையாளர் நேரத்தில் போகிறேன். முதல் நாள் வேதாகமத்தையும் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டிலருகே நின்று கண்ணை மூடப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் மகனுக்குத் துணையிருந்த ஒரு பெண் என் கையைத் தொட்டாள். நெற்றி நிறையக் குங்குமம். விழுப்புரம் பக்கத்து ஊர்.

“எம் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்கம்மா” என்றாள். பெயரைக் கேட்டேன், என்ன உடம்புக்கு என்று கேட்டேன். பிறகு, ஆச்சியின் குரல் எங்கிருந்தோ வர, “சாப்பிட்டியா? வேற என்ன வேணும்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினாள். “ஒரு பத்து நிமிஷம் இவனப் பாத்துக்கிறியா? மூணு நாளா குளிக்கல. விட்டுட்டுப் போக ஆளில்ல.”

அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு, பதினேழு வயதிருக்கும். கை சூடாக இருந்தது, நகங்களில் கிரீஸ் கறை போகவில்லை. மெக்கானிக் கடையில் வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். சொட்டு சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டே அவனுக்காக ஜெபித்தேன். பல வருடங்களுக்குப் பிறகு, என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்ட ஜெபம் அது. அவள் திரும்பி வர இருபத்தைந்து நிமிடமாயிற்று. ஈரத் தலையோடு, மாற்றுச் சேலையில், வேறு ஒரு மனுஷியாக வந்தாள்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, கைபேசியை எடுத்து, கடைசியாக யாருக்கு ‘ஜெபிக்கிறேன்’ என்று எழுதினீர்கள் என்று பாருங்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எந்த மருத்துவமனையில், எத்தனையாவது வார்டில் என்று விசாரியுங்கள். பார்வையாளர் நேரம் பெரும்பாலும் மாலையில்தான். இன்றைக்கே போய்விட்டு வர முடியும்.