எண்ணெய்க் காசு தேறுமா? பழவேற்காட்டில் ஒரு குறுங்கார் ஆய்வு

குறுங்கார்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

1956-இல் சூயஸ் கால்வாய் அடைபட்டு ஐரோப்பாவில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, முட்டைக்குச் சக்கரம் கட்டியதுபோன்ற இசெட்டா என்ற குறுங்காருக்கு மவுசு கூடியது. 1962-இல் மான் தீவில் பிறந்த பீல் பி50 இன்னும் சிறுத்தது: நீளம் 137 சென்டிமீட்டர், எடை 59 கிலோ, எஞ்சின் 49 சிசி. ரிவர்ஸ் கியர் கிடையாது. இறங்கி, பின்னாலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். கேலனுக்கு 100 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். ஏற்றக்கூடியது ஒரு ஆள், ஒரு கைப்பை.

நம் பக்கத்தில், 1970-களில் பெங்களூரிலிருந்து ‘பாதல்’ வந்தது. மூன்று சக்கரம், பின்பக்கம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஃபைபர் உடம்பு. பாதல் என்றால் இந்தியில் மேகம். பெயருக்கேற்பவே கலைந்தும் போனது. பீலின் உடம்பும் ஃபைபர்தான்; அதைச் செய்த கம்பெனி படகும் செய்துவந்தது. ஆகவே குறுங்கார் என்பது வழிதவறிக் கரையேறிய படகு என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. ஐயமுள்ளவர்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கிடக்கும் ஃபைபர் போட்டைத் தட்டி ஓசையைக் கேட்கலாம்.

இனி மைலேஜ். வண்டி ஓடிய தூரத்தை மட்டும் அளப்பது மேல்நாட்டுப் பிழை. உள்ளே எத்தனை பேர் என்று பார்க்க வேண்டாமா? நான் வந்த ஆட்டோவில் எட்டுப் பேர். ஓட்டுநருக்கு அரை சீட்டு. மீதி அரையில் நான். என் முழங்காலில் மீன்கார அம்மா ஒருவரின் அன்னக்கூடை. அதிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் என் குறிப்பேட்டில் சொட்டியதால் இரண்டாம் அட்டவணை அழிந்துவிட்டது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், எட்டால் பெருக்கினால் 200 வருகிறது. பீலுக்கு அதே 35தான். கூடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தண்ணீரில் கணக்கு இன்னும் சிக்கல். போட்டில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், “மைலேஜ் எவ்வளவுண்ணே?” என்றேன்.

“வாங்கப்போறீங்களா சார்?” என்றார். பிறகு இரக்கப்பட்டு, “எண்ணெய்க் காசு தேறுச்சா, அதான் பார்ப்போம்” என்றார்.

அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் அல்ல, எத்தனை கிலோ! பழவேற்காடு ஏரி கடலைத் தொடும் முகத்துவாரம் தூர்ந்து கிடந்தால் எஞ்சின் எவ்வளவு நல்லதாயிருந்தும் போட்டு கடலுக்குப் போகாது. இந்தச் சூழலை எந்தக் கார் கம்பெனியும் சோதித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஆய்வைக் கவிழ்த்தது ஏரிதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. தலைக்கட்டு உரிமையுள்ளவர்கள் இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்து வலை போடுவார்கள். பாடு என்றால் முறையும்தான், படுகிற பாடும்தான். வலையை நட்டுவிட்டால் நீரோட்டத்தோடு இறால் தானே வந்து விழ வேண்டும். ஏரியோ ஆழமில்லாதது, கோல் ஊன்றியே போய்விடலாம். எரிபொருள் சுழியம். எந்த எண்ணையும் சுழியத்தால் வகுக்கக் கூடாது என்று எட்டாம் வகுப்பில் காதைத் திருகிச் சொல்லியிருக்கிறார்கள். எனவே மூன்றாம் அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில் பொன்னேரிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஆட்டோவில் டீசல் தீர்ந்தது. “எல்லாரும் ஒரு கை பிடிங்க சார்” என்றார் ஓட்டுநர். இறங்கித் தள்ளினோம். மீன்கார அம்மா மட்டும் இறங்கவில்லை, கூடையை யார் பார்த்துக்கொள்வது என்றார். பங்க் வரை தள்ளிய தூரத்தையும் அதே காலிக் கட்டத்தில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன்.