முன்பல்லுக்கு ஒரு முக்காடு

2020 தீபாவளிக்கு அக்கா சுட்டு அனுப்பிய முறுக்கில் என் முன்பல் பாதியாக உடைந்தது. “மாவுல வெண்ணெய் பத்தலையோ?” என்று போனில் பவ்யமாகக் கேட்டேன். “உன் பல்லுல சுண்ணாம்புச் சத்து பத்தலை” என்று வைத்துவிட்டாள்.

நல்லவேளை, அந்த வருடம் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத தீபாவளி. தவிர, ஆகஸ்ட் 1-ஆம் தேதியிலிருந்தே கூட்டமான இடங்களிலும் ரயில், பஸ்ஸிலும் மாஸ்க் கட்டாயம். போடாவிட்டால் 1,000 வெள்ளி சம்மன். முகத்தை மூடு என்று அரசாங்கமே சொல்லும்போது பல்லைக் கட்டுவானேன்?

மூக்கை மூடுவது கிள்ளான்காரனுக்குப் புதிதுமல்ல. 2005 ஆகஸ்டில் சுமத்ரா புகைமூட்டம் வந்து, காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானில் அவசரநிலையே போட்டார்கள். எங்களுக்கு அப்போதே பயிற்சி முடிந்தது.

ஆனாலும் காலைக் கொமூட்டரில் ஏறினால் ஆளுக்கொரு தினுசு. தாடைக்கு மட்டும் போட்டவர், ஒரு காதில் தொங்கவிட்டவர், போன் வந்தால் இறக்கிவிட்டுக் கத்துபவர். ஷா ஆலாமில் ஏறும் ஓர் அங்கிளை மறக்கவே முடியாது. தும்மல் வருவது தெரிந்ததும் இரண்டு விரலால் மாஸ்க்கைப் பதமாகக் கீழே இழுப்பார். பெட்டி அதிரத் தும்முவார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மாஸ்க்கை மறுபடி மேலே ஏற்றுவார். நான் முறைத்தபோது, “புது மாஸ்க், தம்பி” என்று விளக்கம் வேறு. அப்போது ஒரு மாஸ்க்கின் உச்சவிலை 1 வெள்ளி 20 காசு. அவர் கவலை அவருக்கு.

வீட்டில் பல் டாக்டர் பேச்சு எழும்போதெல்லாம் நான் வூ லியென்-தேயை இழுப்பேன். 1879-இல் நம் பினாங்கில் பிறந்த டாக்டர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டுகொண்டு, மெல்லிய துணி மடிப்புக்குள் பஞ்சு வைத்து மாஸ்க் தைக்கச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு டாக்டருக்கு இது சிரிப்பாக இருந்தது. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரே இறந்துபோனார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. “பாத்தியா, நம்ம ஊர்க்காரர்!” என்பேன். “அவரு பிளேக்குக்குப் போட்டாரு. நீங்க பொக்கைக்குப் போடுறீங்க” என்பாள் என் மனைவி.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டே ஒன்றரை வருடம் ஓட்டினேன். பிறகுதான் சோதனை. 2022 மே 1-இலிருந்து வெளியிடங்களில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் கட்டடங்களுக்குள்ளும் அவரவர் இஷ்டம். ஒளிந்துகொள்ள எனக்கு மிஞ்சியது ரயிலும் ஆஸ்பத்திரியும்தான். 2023 ஜூலை 5-இல் அதற்கும் விடுதலை. தொற்று உள்ளவர்கள் போட்டால் போதுமாம்.

மறுநாள் கொமூட்டரில் ஊரே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடிய முகம் என்னுடையது மட்டுந்தான். ஷா ஆலாம் அங்கிள் ஏறினார், என் பக்கத்தில் உட்காரப் போனார், நின்றார். “காய்ச்சலா தம்பி?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். யார் யாரைப் பார்த்துப் பயப்படுவது!

அந்த வாரமே பல்லைக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், திறந்த முகமும் புதுப் பல்லுமாக ஜாலான் துன் சம்பந்தனில் வழக்கமான பூக்கடைக்குப் போனேன். கடை வந்ததே மாஸ்க் காலத்தில்தான். வாரம் தவறாமல் மல்லிகை வாங்குபவன் நான். முழம் போடும்போது விரற்கடை கூட விடுவார் அந்த அக்கா. அன்றைக்கு யாரோ போல விலை சொன்னார், கறாராக அளந்தார்.

“என்னைத் தெரியலையாக்கா?”

ஏற இறங்கப் பார்த்தார். தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து பழைய மாஸ்க்கை எடுத்து மாட்டினேன்.

“அட, நம்ம வெள்ளிக்கிழமை அண்ணே!” என்று வெட்டிய சரத்தோடு ஒரு சாண் சேர்த்துப் பொட்டலம் கட்டினார். நான் பெருமையாக மாஸ்க்கைக் கழற்றப் போனேன்.

“அது இருக்கட்டுண்ணே” என்றார். “அதுல பத்து வயசு கம்மியா தெரியிறீங்க.”