பதிவுக்குப் பஞ்சமா?

கேள்வி: காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் போட விஷயமே கிடைக்கவில்லையே?

பதில்: கடைக்கு வருகிறவர்கள்தான் தினமும் கொட்டிவிட்டுப் போகிறார்களே! ‘அசல் ஜரிகையா?’, ‘கோர்வைன்னா என்ன?’, ‘ஏன் இவ்வளவு விலை?’ ஒவ்வொன்றும் ஒரு பதிவு. கோர்வையையே எடுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த நாலு கை வேலையை அரை நிமிடம் படம்பிடித்துப் போடுங்கள், விலை கேட்டவர் வாயைத் திறக்க மாட்டார். வெறும் ‘குட் மார்னிங்’ பதிவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, வாடிக்கையாளர் கேட்பதைக் கேட்டபடியே எழுதி வாருங்கள். தீபாவளி வரை தாங்கும்.