கணக்குப்பிள்ளை காட்டுக்குப் போகிறார்

அமெரிக்கப் பேரங்காடி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில், காரை விட்டு இறங்கியவர் கடைக்குள் போகாமல் விளக்குக் கம்பத்தை நோக்கி நடந்தால் அவர் யாரென்று சொல்லிவிடலாம். கம்பத்தின் அடியில் போல்ட்டுகளை மறைக்க ஒரு தகர மூடி இருக்கும். தூக்கினால் அது மேலே வந்துவிடும் என்பது அந்த நாட்டில் விளக்கைப் பழுதுபார்க்க வருபவருக்கும் இவருக்கும் மட்டுமே தெரியும். தூக்குவார். உள்ளே கைவிட்டுப் பழைய பிலிம் ரோல் டப்பா ஒன்றை எடுப்பார். அதிலிருக்கும் சீட்டில் தன் புனைபெயரை எழுதுவார், தேதி போடுவார். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்து, மூடியை இறக்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் காருக்குத் திரும்புவார். பாலும் ரொட்டியும் வாங்கிவரச் சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருப்பார்கள். அது அவருக்கு மறுநாள் நினைவுக்கு வரும்.

இவர்தான் ஜியோகேச்சர். உலகத்தில் யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஒளித்துவைப்பவர். இந்த விளையாட்டுக்கான முக்கியமான இணையதளத்தை நடத்தும் நிறுவனம் சியாட்டிலில் இருக்கிறது. அந்த ஊர்ப்பக்கம் குடியிருப்பதால் இந்த இனத்தைப் பக்கத்திலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற பொறியாளர். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் சன்னல் வழியே அவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ளே, அந்த மனுஷன் எதையாச்சும் தொலைச்சுட்டாரா? அந்த மரத்தையே சுத்திச் சுத்தி வர்றாரே, நாமளும் போயி தேடிக் குடுப்போமா?"

அத்தைக்கு விளக்கம் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "அடுத்தவன் ஒளிச்சு வெச்சதை எடுத்து, அங்கேயே வெச்சுட்டு வர்றாரா? எதுக்கு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. தொப்பி, முழங்கால்வரை சேறு, முதுகில் பை என்று பார்ப்பதற்கு வனவாசிபோல் இருந்தாலும் அடிப்படையில் இவர் ஒரு கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு வரி ஏறவேண்டும் என்பதற்காகத்தான் காட்டுக்கே போகிறார்.

இந்தப் பைத்தியத்துக்குப் பிறந்த தேதி துல்லியமாக உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒருகாலத்தில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிசகான தகவலைத்தான் கொடுத்துவந்தன. நூறு மீட்டர்வரை இப்படி அப்படி இருக்கும். 2000 மே முதல் தேதி இரவு, அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிசகை நீக்கினார்கள். கப்பலோட்டிகளும் விவசாயிகளும் விமானிகளும் இதனால் என்னென்ன பயன் பெறலாம் என்று அரசாங்கம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, மே 3ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, உண்டிவில், அவரைக்கொட்டை டின் ஒன்று. சில நாளிலேயே ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். அந்த அவரை டின் பிற்பாடு துருப்பிடித்த கோலத்தில் கிடைத்தது. இப்போது ஜியோகேச்சர்களின் கூட்டங்களுக்கு அதை எடுத்துவந்து காட்டுகிறார்கள், கூட்டம் பயபக்தியோடு படம் எடுத்துக்கொள்கிறது. வாளி இருந்த இடத்தில் கல்வெட்டே வைத்தாயிற்று. ஒரு நகைமுரண்: நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டி டப்பாவைப் புதைப்பதை இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை. உல்மரின் வாளிக்கே இப்போது முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கும்.

கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினம், போகும் பாதையின் கடினம் என இரண்டு மதிப்பெண். ஒன்றிலிருந்து ஐந்துவரை, அரை அரையாக ஏறும். ஒன்பதுக்கு ஒன்பது, ஆக 81 கட்டம். சராசரி மனிதன் இதைக் கேட்டால் 'சரி' என்பான். ஜியோகேச்சருக்கு 81 கட்டமும் நிரம்பும்வரை தூக்கம் வராது. பாதைக் கடினம் ஐந்து என்றால் படகோ கயிறோ முக்குளிப்புச் சாதனமோ வேண்டியிருக்கும் என்று பொருள். எங்கள் தெருக்காரர் அறுபது வயதுக்குமேல் மரமேறக் கற்றுக்கொண்டார். ஆசையினால் அல்ல, ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அதுவும் முடிந்தால் நாட்காட்டி. வருஷத்தின் 366 நாளிலும், எந்த வருஷமானாலும் சரி, ஒரு டப்பாவாவது எடுத்திருக்கவேண்டும். பிப்ரவரி 29 அன்று காய்ச்சல் வந்தால் அடுத்த வாய்ப்புக்கு நான்கு வருஷம். ஆகவே அன்றைக்கு மட்டும் அவருக்குக் காய்ச்சல் வராது. அப்புறம் ஜாஸ்மர் என்றொரு சவால்: 2000 மே தொடங்கி இன்றுவரை ஒவ்வொரு மாதத்திலும் ஒளித்துவைக்கப்பட்ட டப்பாவில் ஒன்றையாவது எடுக்கவேண்டும். தொடக்ககால டப்பாக்களில் மிச்சமிருப்பவை மிகக் கொஞ்சம். கான்சாஸ் மாநிலத்தில் 70ஆம் எண் நெடுஞ்சாலையோரம் மிங்கோ என்ற இடத்தில் 2000 மே 11 அன்று வைத்த டப்பாதான் இன்றும் விளையாட்டில் இருப்பவற்றில் மூத்தது. கான்சாஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் தெருக்காரரின் மனைவியிடம் கேட்டேன். "மிங்கோ இருக்கிறது" என்றார். அந்த அம்மாளின் குரலில் கசப்பு இல்லை. அதெல்லாம் தாண்டிவிட்ட குரல்.

வேட்டைக்கு முந்தின இரவுதான் அவர் முகத்தில் உண்மையான களை தெரியும். தளத்தில் சந்தா கட்டியவர்கள் வேண்டிய டப்பாக்களை வடிகட்டி, ஒரே பட்டியலாக ஆயிரம்வரை இறக்கிக்கொள்ளலாம். இந்த ஊரில், இத்தனை கிலோமீட்டருக்குள், கடினம் இவ்வளவுக்குமேல், நான் இன்னும் எடுக்காதவை, சமீபத்தில் யாராவது எடுத்தவை என்று அவர் வடிகட்டும் நேர்த்தியைப் பார்த்தால், மளிகைக் கடையில் ஏன் இந்தத் திறமை காணாமல் போகிறது என்று தோன்றும். இறக்கிய பட்டியலைக் கணினியில் ஒரு மென்பொருளில் ஏற்றி, இன்னொரு தடவை வடிகட்டி, கைபேசிக்கும் பழைய கார்மின் கருவிக்கும் அனுப்புவார். காட்டுக்குள் சிக்னல் இருக்காது, எனவே வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வார். மாற்று பேட்டரி இரண்டு செட். சந்தா கட்டியவர்களுக்குப் பத்து டப்பா எடுத்தால் ஒரு விருப்பப் புள்ளி கிடைக்கும், நல்ல டப்பாவுக்கு அதை வழங்கலாம். புள்ளி நிறைய வாங்கிய டப்பாக்களாகப் பார்த்துப் போனால் நாள் வீணாகாது. இதை எனக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் அதைப் பின்பற்றுவதில்லை. அவருக்கு எல்லா டப்பாவும் வேண்டும்.

எண்கள் விஷயத்தில் அவரிடம் வாய்கொடுத்தால் அரைமணி நேரம் போய்விடும். இருந்தாலும் சொல்வதில் நியாயம் உண்டு. ஜியோகேச்சிங் தளம் இடத்தைப் பாகையாகவும் தசம நிமிடமாகவும் குறிக்கிறது. உல்மரின் வாளி இருந்த அட்சரேகை 45 பாகை 17.460 நிமிடம். புதிதாக வருபவர் அந்தப் புள்ளியைக் கவனிக்காமல், 17 நிமிடம் 46 விநாடி என்று கருவியில் ஏற்றுவார். 17.460 நிமிடம் என்பது 17 நிமிடம் 27.6 விநாடி. வித்தியாசம் பதினெட்டு விநாடிக்குமேல், தரையில் அரைக் கிலோமீட்டருக்கு மேல். "அவர் யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டில் கைவிட்டுக்கொண்டிருப்பார்" என்பார் நம்மவர். கடைசித் தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறக்குறைய இரண்டு மீட்டர் நகரும். அதற்குமேல் துல்லியம் கேட்டால் கைபேசியால் ஆகாது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒன்றுகூடி இவரை ஒரு புதர்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்ளும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் உயரமான கட்டடங்களுக்கு நடுவேயும் சமிக்ஞை பட்டுத் தெறித்து வரும். அம்புக்குறி இடதுபுறம் ஏழு மீட்டர் என்னும், போனால் பின்னால் ஒன்பது மீட்டர் என்னும். கற்றுக்குட்டி அந்த அம்பைத் துரத்தி வட்டமிடுவான். தேர்ந்தவர் பத்து மீட்டர் நெருங்கியதும் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவார். 'நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?' என்று கேட்டுக்கொள்வார். காட்டில் குச்சிகள் ஒரே திசையில் அடுக்கி வைத்ததாகக் கிடக்காது. கிடந்தால் அதற்குக் கீழேதான் டப்பா. வேலிக் கம்பத்தில் ஒரு போல்ட் மட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தால் அது போல்ட் அல்ல, காந்தம் ஒட்டிய குப்பி. அதற்குள் இருக்கும் சீட்டு சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லி. வெளியே எடுக்கச் சாமணம் வேண்டும். திரும்பச் சுருட்டி உள்ளே தள்ளுவதற்குப் பொறுமை வேண்டும்.

அப்படியும் கிடைக்காவிட்டால் தளத்தில் ஒரு குறிப்பு இருக்கும், எழுத்து மாற்றி எழுதியது. ஆங்கில எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போடும் பழைய உத்தி. ஒரு தட்டுத் தட்டினால் தளமே விடுவித்துக் காட்டும். நம்மவர் மனசுக்குள்ளேயே விடுவிப்பார். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வோர் எழுத்தாக விடுவித்து முடித்தால் விடை வரும்: 'மரத்தடியில்.' சுற்றிலும் ஃபர் மரக்காடு.

இன்னொரு தொல்லை, விஷயம் தெரியாத பொதுஜனம். ஹாரி பாட்டர் கதையிலிருந்து பெயரை எடுத்து, இவர்கள் நம்மை 'மகிள்' என்று அழைக்கிறார்கள். மகிள் கண்ணில் பட்டால் டப்பா காணாமல் போகும். அதனால் ஆள் நடமாட்டம் தெரிந்தவுடன் இவருக்குச் செருப்பு வார் அவிழ்ந்துகொள்ளும், இல்லாத போன் வந்துவிடும். ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு மேற்சட்டை மாட்டிக் கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது அனுபவஸ்தர்களின் கண்டுபிடிப்பு. ஆனால் எப்போதும் பலிக்காது. 2011ல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒருவர் கடைத்தெருவில் இப்படிச் சந்தேகமாகக் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்த யாரோ போலீசுக்குச் சொல்ல, தெருவைக் காலிசெய்து, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்த டப்பாவை வெடிக்கவைத்தார்கள்.

எல்லா ஜியோகேச்சரும் ஒரே ரகமில்லை. புது டப்பா வெளியான அறிவிப்பு வந்ததும் விடிகாலை இருட்டில் இரவு உடையோடு ஓடி, வெறும் சீட்டில் முதல் கையெழுத்துப் போடுபவர் ஒரு ரகம். அதிகாலை நான்கு மணிக்குக் காட்டோரம் இரண்டு டார்ச் வெளிச்சம் சந்தித்துக்கொண்டால், அது திருட்டு அல்ல, போட்டி. எண்ணிக்கைப் பித்தர் இன்னொரு ரகம். இரண்டு டப்பாவுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. உடனே நெவாடா பாலைவனத்து நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட அதே இடைவெளியில் ஆயிரத்துக்குமேல் டப்பா வைத்தார்கள். கார் நகரும், நிற்கும், ஒருவர் குதித்து இறங்குவார், முத்திரை குத்துவார், ஏறுவார். நாள் முழுக்க இதே. நடை இல்லை, தேடல் இல்லை, பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு இது விளையாட்டாகவே தெரியவில்லை. ஆனால் மண்ணும் பாறையும் பற்றிக் கேள்வி கேட்டு, பதில் அனுப்பினால் மட்டும் ஒப்புக்கொள்ளும் 'எர்த்கேச்' வகையால், நம் தெருக்காரர் பனியாறு நகர்த்திக் கொண்டுவந்த பாறையையும் எரிமலைப் பாறையையும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்கிறார். கணக்குக்காகப் போனவருக்குப் பாடமும் ஏறிவிட்டது.

பயணவில்லை என்றொன்று உண்டு. ராணுவ வீரர்கள் கழுத்தில் மாட்டும் அடையாள வில்லை போன்ற உலோக வில்லை, அதில் ஓர் எண். டப்பாவுக்கு டப்பா அது பயணம் போகவேண்டும், தளத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு ஏறும். நான் ஊருக்குப் போவது தெரிந்தால் போதும், வாசலில் வந்து நிற்பார்: "சென்னையில் ஒரு டப்பாவில் இதைப் போட்டுவிடுவீர்களா?" பெட்டியில் பாதாமுக்கும் சாக்லேட்டுக்குமே இடமில்லை என்று எப்படிச் சொல்ல? 2008ல் பணம் கட்டி விண்வெளிக்குப் போன ரிச்சர்ட் கேரியட் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒரு டப்பாவைப் பதிவுசெய்தார். கடினம் ஐந்து, பாதை ஐந்து. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்மவர் கண்ணில் ஓர் ஏக்கம் தெரியும். கட்டணத்தை மனசுக்குள் வகுத்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு ஒழுங்கான பேரேட்டில் ஒரே ஒரு கள்ளக்கணக்கு உண்டு. தேடிக் கிடைக்காதபோது 'கிடைக்கவில்லை' என்று தளத்தில் பதியவேண்டும். அதைப் பார்த்துத்தான் வைத்தவர் டப்பா தொலைந்ததா என்று போய்ச் சரிபார்ப்பார், அடுத்தவரும் வீணாக அலையமாட்டார். நம்மவர் பதியமாட்டார். "நான் ஒழுங்காகத் தேடவே இல்லையே, சும்மா அந்தப் பக்கம் போனேன்" என்பார். இரண்டு மணிநேரம் அந்தப் பக்கம் போனதற்கு அவர் முழங்கை முட்கீறலே சாட்சி.

படித்துவிட்டு உங்களுக்கும் ஆசை வந்தால் தனிக் கருவி வேண்டாம், கைபேசி போதும், தளத்தில் கணக்குத் தொடங்கக் காசும் இல்லை. மதிப்பெண் இரண்டுமே ஒன்றரைக்கு மேற்போகாத டப்பாவாகப் பாருங்கள். கடைசியாக வந்த மூன்று பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சொந்தப் பேனா கொண்டுபோங்கள். கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் பதியுங்கள். கிடைத்தால் எழுதி முடித்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். நனைந்த சீட்டில் எந்தப் பேனாவும் எழுதாது.